இடது கன்னத்துப் பாக்கு

ஜாமுகுரி,
பிப்ரவரி 19

ஜோனாலியின் அம்மாவுக்கு,

அன்புடன் எழுதுவது. நான் நலம். வீடு நலம். வாத்துகளில் ஒன்றை நரி கொண்டுபோய்விட்டது, மற்றவை நலம். நீயும் நாளுக்கு நாள் தேறி வருவாய் என்று நம்புகிறேன்.

முப்பத்தெட்டு வருடத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. போனில் பேசலாமே என்று நினைப்பாய். பேசித்தான் பார்த்தேன். ஜோனாலி போனை எடுத்ததுமே ஊருக்கே கேட்கும்படி சத்தத்தைக் கூட்டிவிடுகிறாள். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து டீ உறிஞ்சுவதுகூடக் கேட்கிறது. "அம்மா கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்கப்பா, பேசுங்க" என்கிறாள். உன் பக்கமிருந்து மூச்சு மட்டும் வருகிறது. மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் சேர்த்துக் கம்பி போட்டுக் கட்டியிருக்கும்போது பாவம், நீ என்ன செய்வாய். எனக்குத்தான் பதில் வராத இடத்தில் பேச வரவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன்கள்கூட ஏதாவது முனகுவார்கள்.

நீ உறிஞ்சுகுழலில் கஞ்சித் தண்ணீரும் பருப்புத் தண்ணீரும்தான் குடிக்கிறாய் என்று கேட்டதிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை. அது பாதி உண்மை. மீதி உண்மை, நான் சமைக்கும் சோறு யாருக்குமே இறங்காது. நேற்று அடிப்பிடித்த வாசனை வேலியைத் தாண்டிப் போய்ப் பிரமீளாவைக் கூட்டி வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி என்ற உரிமையில் அவள் வாய் சும்மா இருக்குமா? "என்ன ஹெட் சார், அடுப்புக்கு முன்னாடியும் நின்னு லெக்சர் அடிச்சீங்களா? பேசிப் பேசியே வெந்துடும்னு நெனச்சீங்களோ?" என்றாள். பிறகு அவளே தக்காளி போட்டுப் புளிப்பு மீன்குழம்பு வைத்துக் கொடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது. உன்னுடையது மாதிரி இல்லை.

தறியில் நீ பாதியில் விட்ட துண்டு அப்படியே இருக்கிறது. பூனை அதன் மேல் ஏறிப் படுக்கிறது. விரட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து என் பிரிவு உபசார விழாப் படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். என் கழுத்தில் ஏழு துண்டுகள், கையில் குடை. மூன்று பையன்கள் சேர்ந்து சுவரில் ஆணி அடிக்க வந்தார்கள். பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஊரில் உன்னைப் பற்றி விசாரிக்காத ஆள் இல்லை. இவ்வளவு பெரிய வீக்கம் வீட்டில் யார் கண்ணிலும் படவில்லையா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். குவாஹாத்தியில் அந்தச் சின்ன வயது டாக்டரம்மாவும் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இதையேதான் கேட்டார், ஞாபகம் இருக்கும். "தாடையில கோழிமுட்டை அளவுக்கு ஓட்டை சார். சுத்தி இருக்கிற எலும்பும் முட்டை ஓடு மாதிரி ஆயிடுச்சு. கன்னம் இப்படிப் புடைச்சிருக்கே, நீங்க பாக்கவே இல்லையா?" என்றார். "பாக்கு அடக்கியிருக்கான்னு நெனச்சேம்மா" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நம்ம ஊர்ல இதை நிறையப் பேர் சொல்றாங்க சார். இங்க யாரோட கன்னம்தான் புடைக்காம இருக்கு" என்றார். அதே பதிலைத்தான் ஊரிலும் சொல்கிறேன். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை வெற்றிலை பாக்கோடு இருக்கும் ஊரில் யார் யாரைக் குற்றம் சொல்வது?

வெட்டி எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம். முடிவு வர இரண்டு வாரம் ஆகுமாம். நீ அதைப் பற்றி யோசிக்காதே. நானும் யோசிக்கவில்லை.

ஜோனாலி என்னவோ சொல்கிறாள். "அம்மா இங்கேயே இருக்கட்டும்ப்பா. பிஹுவுக்கு அங்க வர்றதைப் பத்தியெல்லாம் இப்பப் பேச வேணாம்" என்றாள். இது உன் யோசனையா, அவள் யோசனையா என்று தெரியவில்லை. மார்ச் கடைசியில் கம்பியை வெட்டிவிடுவார்கள், பிஹுப் பண்டிகை ஏப்ரல் நடுவில்தான். வேண்டிய அவகாசம் இருக்கிறது. வந்து சேர். பிஹுவுக்கு நீ இல்லாமல் இந்த வீட்டு வாசலை யார் மெழுகுவது?

பகவான் உனக்குச் சீக்கிரம் குணம் தரட்டும்.

இப்படிக்கு,
ஜோனாலியின் அப்பா


ஜாமுகுரி,
மார்ச் 6

தருலதாவுக்கு,

உன் பெயரை எழுதும்போதே கை கொஞ்சம் தயங்குகிறது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஆயிரம் பெயர்கள் எழுதியிருக்கிறேன். இந்தப் பெயரை ரேஷன் அட்டையில் மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

நீ அனுப்பிய சீட்டு வந்தது. கோடு போட்ட தாளைக் கிழித்து நான்காக மடித்து, குவாஹாத்தியிலிருந்து வரும் வேன் டிரைவர் கையில் ஜோனாலிக்குத் தெரியாமல் கொடுத்திருக்கிறாய். "ஜன்மாஷ்டமி அன்று நான் விளக்கோடு வந்தபோது நீங்கள் பார்த்தீர்கள். நீங்கள் பார்த்ததை நானும் பார்த்தேன். ஏன் ஒன்றும் கேட்கவில்லை? இதற்குப் பதில் தெரிந்த பிறகு வருவதா வேண்டாமா என்று சொல்கிறேன்." அவ்வளவுதான். எழுத்து கோணலாக இருந்தது. படுத்துக்கொண்டு எழுதினாயோ என்னவோ.

ஐந்து நாளாக இந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். மூன்று பதில்கள் எழுதினேன். விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது என்று ஒன்று. பல்லில் ஏதோ சாதாரண வீக்கம் என்று நினைத்தேன் என்று இன்னொன்று. மூன்றாவது, நீயே சொல்லாதபோது நான் எப்படிக் கேட்பது என்று உன் மேலேயே பழியைத் திருப்பியது. மூன்றும் நல்ல நடையில் இருந்தன. மூன்றையும் அடுப்பில் போட்டேன்.

பார்த்தேன், தருலதா. நன்றாகப் பார்த்தேன்.

பழைய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் எனக்குக் குற்றம் கொஞ்சம் குறைவு. நாலு வருடம் முன்பு உனக்கு இடது கீழ்க் கடைவாய்ப் பல் ஒரு மாதம் வலித்தது. நான் கிராம்பும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினேன். வலி நின்றது. என் வைத்தியம் என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன். டாக்டரம்மா இப்போது சொல்கிறார், "வலி நின்னது குணமாகி இல்ல சார், பல்லு செத்துப்போச்சு. செத்த பல்லோட வேர்ல நீர்ப்பை கட்டி, வலியே இல்லாம உள்ளுக்குள்ள எலும்பைத் தின்னுக்கிட்டே வந்திருக்கு." அந்தப் பை வளர்ந்து கன்னம் புடைத்தபோது நான் பாக்கு என்றே நினைத்தேன். அது சத்தியம். டாக்டரம்மாவுக்குச் சொன்ன பதில் அந்த இரண்டு மூன்று வருடத்துக்குப் பொருந்தும். கடைசி ஆறு மாதத்துக்குப் பொருந்தாது.

ஜன்மாஷ்டமிக்கு நீ முழு உபவாசம். தண்ணீரைத் தவிர வாயில் எதுவும் போடமாட்டாய், பாக்கைத் தொடக்கூட மாட்டாய். சாயங்காலம் பூஜை முடிந்து விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாய். வெளிச்சம் கீழிருந்து உன் முகத்தில் விழுந்தது. வாயில் ஒன்றும் இல்லை, கன்னம் மட்டும் புடைத்திருந்தது. நீ நின்றாய். நான் கேட்பேன் என்றுதானே நின்றாய்? நான் சொன்னது என்ன தெரியுமா? "காத்து அடிக்குது, விளக்கு அணைஞ்சுடப் போகுது, கையால மறைச்சுக்க." அதைச் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் அரைமணி நேரம் சும்மா நின்றேன்.

ஏன் கேட்கவில்லை? பயம். என் அண்ணன் போலாநாத்தை வாய்ப்புற்றுக்காக எட்டு மாதம் குவாஹாத்திக்கும் வீட்டுக்குமாக நான்தான் கூட்டிக்கொண்டு அலைந்தேன். கடைசியில் அவன் கன்னம் இருந்த நிலைமையை நீ பார்க்கக் கூடாது என்று உன்னை அந்த அறைக்குள் விடவில்லை. உன் கன்னத்தைப் பார்த்ததும் எனக்கு அதுதான் என்று தோன்றிவிட்டது. பெயர் சொல்லாதவரை அது இல்லை என்று இருந்துவிடலாம் போலிருந்தது. வகுப்பில் பயந்த பையனைத் தைரியமாகப் பேசு என்று பிரம்பால் தட்டியவன் நான்.

பயம் மட்டும் என்று சொல்லி நிறுத்தினால் நீ பாதி மன்னித்துவிடுவாய். அதனால் மீதியையும் எழுதுகிறேன். ஜனவரியில் என் பிரிவு உபசார விழா. ஊர் கூடி என்னைப் பாராட்டப் போகிறது. அதற்கு முன் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் விழா நடக்குமா, நடந்தாலும் சிரித்துக்கொண்டு உட்கார முடியுமா என்று யோசித்தேன். யோசித்தேன் என்பதை எழுதும்போது இந்த அறையில் யாரும் இல்லை, இருந்தும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. துர்கா பூஜை சமயம் நீயே வந்து, "இடது பக்கம் உப்புத்தண்ணி மாதிரி ஏதோ கசியுது, தேஜ்பூர் போய்க் காட்டிட்டு வரலாமா?" என்று கேட்டாய். "விழா முடியட்டும், அப்புறம் நான் சும்மாதானே இருக்கப் போறேன்" என்றேன். நீயும் சரி என்றாய். உனக்கும் போலாநாத் ஞாபகம் வந்திருக்கும். என் விழா கெட்டுவிடக் கூடாது என்றுதான் நீ அதோடு விட்டாய். அதுவும் எனக்குத் தெரியும்.

தெரிந்தவன் என்பதற்கு என் கையே சாட்சி. அதன் பிறகு உனக்குப் பாக்கை நானே சீவித் தர ஆரம்பித்தேன், நினைவிருக்கிறதா? மண்குழியில் புதைத்து ஊறவைத்த மெத்துப் பாக்காகப் பார்த்து எடுத்து, மெல்லியதாக நறுக்கி, வெற்றிலையில் மடித்துத் தருவேன். பிரமீளாகூட "வயசான காலத்துல என்ன ஹெட் சார் இவ்வளவு ஆசை" என்று கேலி செய்தாள். நீ வெட்கப்பட்டுச் சிரித்தாய். ஆசை இல்லை தருலதா, அந்தப் பக்கம் அழுத்திக் கடித்துவிடப் போகிறாயே என்ற திகில். அதை ஆசை என்று நீ வாங்கிக்கொண்டபோது நான் மறுக்கவில்லை.

விழா அன்று சபையில் பாக்கைப் பையன்கள் அரை அரையாக வெட்டி எல்லோருக்கும் நீட்டினார்கள். ஊறவைக்காத, கெட்டியான பச்சைப் பாக்கு. உனக்கும் நீட்டினார்கள், முன் வரிசையில் தலைமையாசிரியர் மனைவி வேண்டாம் என்றால் மரியாதை இல்லையே. நான் மேடையில் பேசிக்கொண்டிருந்தேன். சரியாக அந்த நேரத்தில்தான் அந்தக் கேலியைச் சொன்னேன். "எங்க வீட்டுக்காரி வாயில எப்பவும் பாக்கு இருக்கு. அதனாலதான் முப்பத்தெட்டு வருஷமா எனக்கு வீட்ல பேச இடம் கிடைச்சுது." சபை முழுக்கச் சிரித்தது. நீ சட்டென்று மேலாடையை இழுத்து வாயை மூடிக்கொண்டாய். வெட்கம் என்று நினைத்தேன். பிறகு நீ அழுவதைப் பார்த்து நெகிழ்ச்சி என்று நினைத்தேன். அதற்காகவே இன்னும் பதினைந்து நிமிடம் நீட்டிப் பேசினேன்.

அந்தப் பாக்கைக் கடித்ததும் தாடை எலும்பு ஒடிந்த சத்தம் உனக்குக் காதுக்குள் கேட்டிருக்கும். நீ எழுந்து போகவில்லை. நாற்பது நிமிடம் துணியால் முகவாயைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

வீட்டுக்கு வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "பேச்சு எப்படி இருந்துச்சு?" நீ தலையை மட்டும் அசைத்தாய். நன்றாக இல்லை என்கிறாய் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வாயில பாக்கோட உக்காந்திருக்கறவளுக்குப் பேச்சைப் பத்தி என்ன தெரியும்" என்றேன். அதற்கப்புறம் நீ போய் எனக்குச் சோறு வடித்தாய். நான் சாப்பிட்டேன். உர்ரென்று முகத்தை வைத்துக்கொண்டு இரண்டாம் முறையும் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நீ சாப்பிடவில்லை என்பதைக் கவனிக்கக்கூட இல்லை. காலையில் உன் முகவாய் ஒரு பக்கமாக இழுத்திருப்பதையும், டீ ரத்தத்தோடு வழிவதையும் பார்த்து, "அய்யோ அக்கா, என்னக்கா இது!" என்று கூச்சல் போட்டது பிரமீளா. நான் இல்லை.

படத்தை ஏன் சுவரில் மாட்டவில்லை என்று இப்போது தெரிந்திருக்கும். அதில் கீழ்மூலையில் நீ இருக்கிறாய். துணிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிகின்றன. என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாய். படத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் திருப்பி வைத்திருக்கிறேன்.

போன திங்கட்கிழமை சோதனை முடிவு வந்தது என்று ஜோனாலி அழுதுகொண்டே போன் செய்தாள். "புத்து இல்லப்பா, வெறும் நீர்ப்பைதான், ஒண்ணுமில்லப்பா." நானும் அழுதேன். சந்தோஷத்தில் என்று அவள் நினைத்திருப்பாள். உனக்கு மட்டும் சொல்கிறேன். அது புற்றாக இருந்திருந்தால், நான் முன்பே கேட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று என்னைத் தேற்றிக்கொள்ள ஒரு வழி இருந்தது. மனத்தின் ஒரு மூலை அந்த வழிக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அவ்வளவு கீழ்த்தரமாக ஒரு மனிதன் நினைப்பான் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். முதலிலேயே போயிருந்தால் ஒரு பல்லைப் பிடுங்கி அரைமணி நேரத்தில் அனுப்பியிருப்பார்களாம். ஜன்மாஷ்டமிக்கு மறுநாள் போயிருந்தாலும் எலும்பு ஒடிந்திருக்காதாம். இப்போது உனக்கு மூன்று பல் போயிற்று. இடுப்பு எலும்பிலிருந்து சில்லு எடுத்துத் தாடையில் வைத்துத் தகடு போட்டுத் திருகியிருக்கிறார்கள். கீழுதட்டில் பாதி மரத்துக் கிடக்கிறது, உணர்ச்சி திரும்புமோ திரும்பாதோ என்கிறார்கள். இத்தனையும் நான் வாயைத் திறக்காததால் வந்தது. நாளெல்லாம் திறந்தே இருந்த வாய், திறக்க வேண்டிய ஒரு சமயத்தில் விளக்கைப் பற்றிப் பேசியது.

நம் ஊர்ச் சபையில் தப்புச் செய்தவன் என்ன செய்ய வேண்டும் என்று உனக்குத் தெரியும். வெண்கலத் தட்டில் ஒரு ஜோடி பாக்கும் வெற்றிலையும் வைத்து, முழங்கால் போட்டு நீட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டால் மன்னித்தாயிற்று. எத்தனை பேரை நானே முன்னால் நின்று முழங்கால் போட வைத்திருக்கிறேன். நேற்றுக் காலை அந்தத் தட்டைத் துலக்கி ஜோடிப் பாக்கு வைத்து, சமையலறையில் நீ உட்காரும் மணைக்கு முன்னால் முழங்கால் போட்டேன். பூனை வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. அப்புறம்தான் உறைத்தது, நீ இதை எடுத்து வாயில் போடவே முடியாது. கம்பியை வெட்டினாலும் ஆயுசுக்கும் பாக்கு ஆகாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். நீ மன்னிக்க நினைத்தாலும் ஊர் வழக்கப்படி மன்னிக்க வழி இல்லாமல் செய்துவிட்டேன்.

போன கடிதத்தில் பிஹுவுக்கு வந்து சேர் என்று உத்தரவு போட்டிருந்தேன். அதை அடித்துவிடு. வருவதும் வராததும் உன் விருப்பம். வாசலை நானே மெழுகிப் பார்த்தேன், திட்டுத் திட்டாக இருக்கிறது, இருக்கட்டும். ஜோனாலிக்கும் மாப்பிள்ளைக்கும் இந்தக் கடிதத்தைக் காட்டுவதென்றால் காட்டு. எனக்கு மறுப்பில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இருபத்தெட்டாம் தேதி கம்பி வெட்டுகிறார்கள் என்று ஜோனாலி சொன்னாள். அன்று நான் வருகிறேன். துரத்திவிடாதே. தட்டில் வைத்த ஜோடியை எடுத்து வருவேன். உன் முன்னால் உட்கார்ந்து, அதில் ஒன்றை என் இடது கன்னத்தில் அடக்கிக்கொள்வேன். நீ முடிக்கும்வரை துப்பமாட்டேன், வாயைத் திறக்கமாட்டேன்.

நீ பேசு.

உன்,
லம்போதர்